மாத்திரை டப்பா

"கொஞ்சம் உட்காரேன்டி" என்று அம்மா சொன்னபோது பெரியவள் வாடகை நாற்காலிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். சுவரோரம் கிடந்தவற்றை நடுவுக்கும், நடுவில் கிடந்தவற்றைச் சுவரோரத்துக்கும் கொண்டு போயாயிற்று. இப்போது ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளிலும் கை வைத்தாள். சாவு வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எழுந்து, நாற்காலி போன இடத்துக்குப் பின்னாலேயே போய், மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டிக்குள் அவள் தம்பி படுத்திருந்தான். பெட்டியின் மோட்டார் உறுமும், கொஞ்ச நேரம் ஓயும், மறுபடி உறுமும். அதைச் சுற்றி மட்டும் அவள் எதையும் நகர்த்தவில்லை.

"வீட்டுக்குள்ள எதுக்குடி தோள்ல பை? ஆபீசுக்கா கிளம்புற?" என்றாள் ரேடியோ அத்தை. அப்பாவின் அக்கா. வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். வைத்தவன் பெட்டிக்குள் கிடப்பவன்தான், பால்பல் விழுகிற வயதில். அத்தைக்கு அதில் உள்ளூரப் பெருமை. காலையிலிருந்து அழுகையும் பேச்சுமாக ஓடிக்கொண்டிருந்தாள். "ரேடியோ ரேடியோன்னு சொல்லுவியேடா, இனிமே யாருடா என் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவா?" என்று பெட்டியின் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கேட்டாள். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டோமே என்று இன்னும் பலமாக அழுதார்கள்.

பெரியவள் பையைக் கழற்றவில்லை. வாசலுக்குப் போனாள்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். வருஷக்கணக்காக டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்தவர். வந்தவர்கள் எல்லாம் "மாஸ்டர்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வலது கையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"ஹார்ட்டு. தூக்கத்துலயே."

"இந்த வயசுலயா மாஸ்டர்?"

"சின்னதுலயே கொஞ்சம் இருந்துச்சு."

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. கற்றுக்கொள்கிறவன் தப்பாக ஓட்டினால் மிதிப்பதற்கு மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்த வண்டியை விற்ற பிறகும் கால் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஹார்ட்டு இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பெரியவளுக்கு மற்ற இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும். அவளுடைய வேலையே அதுதான். நகரத்துச் சுகாதார அலுவலகத்தில், போதை மருந்து அளவு மீறிச் சாகிறவர்களைக் கண்டறிவதும், அடுத்த ஆள் சாகாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பிரிவின் பொறுப்பு. கம்ப்யூட்டர் திரையில் ஊர்ப்படம் இருக்கும். ஒரு சாவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. ஒரே வட்டாரத்தில் ஒரே வாரத்துக்குள் மூன்று புள்ளி விழுந்தால், புதிதாக ஏதோ கெட்ட சரக்கு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு, மருந்துக் கடைகளுக்கு, பயன்படுத்துகிறவர்களின் போன்களுக்கு எச்சரிக்கை போகும். பிரிவின் டிரைவர் வண்டி அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், நின்ற மூச்சை மீட்கிற மூக்கு ஸ்ப்ரேயைக் கேட்கிறவருக்கும் கேட்காதவருக்கும் கொடுப்பார். அவள் குடியிருக்கும் வட்டாரத்தில் இந்த வாரம் ஏற்கெனவே இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டையும் வைத்தவள் அவள்தான்.

தம்பி ஆறு மாதமாக எதையும் தொடவில்லை. எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். காலையில் டீ கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள் அவள். உதடு நீலமாக இருந்தது. கை மடங்க மறுத்தது. விறைத்துப்போன உடம்பில் ஸ்ப்ரே வேலை செய்யாது, வீணாக்காதீர்கள், அது இன்னொரு உயிருக்கு உதவும் என்று ஊர் முழுக்க வகுப்பெடுத்தவள் அவள். பையில் எப்போதும் இரண்டு வைத்திருப்பாள். ஒன்றைப் பிரித்து அவன் மூக்கில் அடித்தாள். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், அவள் கையிலிருந்த காலி ஸ்ப்ரேயைப் பார்த்தார்கள், நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அப்புறம் வீட்டு டாக்டர் வந்தார். சின்ன வயதில் தம்பியின் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொன்னவர் அவர்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் அது தானாகவே மறைந்துவிட்டது என்று சொன்னவரும் அவர்தான். அப்பா அவரை மாடிக்கு அழைத்துப் போய்ப் பேசினார். இறங்கி வந்தபோது அந்தச் சத்தம் திரும்பக் கிடைத்திருந்தது. சாவுக்குக் காரணம் ஹார்ட்டு என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அதன்பின் அப்பா அவளைக் கொல்லைக் குழாயடியில் பிடித்தார்.

"உன் ஆபீஸ் படத்துல என் பிள்ளையைப் புள்ளியா வெச்சிடாதம்மா."

"அப்பா, இந்தப் பக்கம் இன்னும் யாராவது..."

"யாராவது! யாரோ! இவன் உன் தம்பிம்மா. போறப்பவாவது மரியாதையா போகட்டும்."

அவள் குழாயை மூடினாள். அப்போதிலிருந்துதான் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனாள், மாடிக்குப் போனாள், சமையலறையில் யாரோ கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவினாள். தெருவில் போன ஒவ்வொரு வாலிபனின் முகத்தையும் பார்த்தாள். இவனோடு சேர்ந்து வாங்கியவன் எவன்? இந்நேரம் எந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான்? அவன் அம்மாவும் டீ போட்டுக்கொண்டிருப்பாளோ? நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் இது ஹார்ட்டு என்றே முடிந்துவிடும்.

மதியம் கடந்து, வெயில் கூடத்து ஜன்னலுக்கு வந்தபோது அவள் மறுபடி உள்ளே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா பக்கத்து ஆளிடம், "என்ன, ரேடியோ ஓஞ்சுடுச்சு? கரண்டு போயிடுச்சா?" என்று கிசுகிசுத்தார். சித்தப்பாவுக்கு எந்த இடத்திலும் ஒரு வார்த்தை விட வேண்டும். காலையில் ஐஸ் பெட்டிக்காரரிடம்கூட மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று விசாரித்தவர். அவள் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் அவரைத் தாண்டிப் போனாள். அப்போதுதான் போன் அடித்தது. ஆபீஸ் நம்பர்.

"அக்கா..." என்றது குரல். புதிதாகச் சேர்ந்த பெண். சேர்ந்து பல மாதம் ஆகியும் எல்லோருக்கும் இன்னும் 'புதுசு'தான். "அக்கா, ஒரு ஆம்புலன்ஸ் கால் வந்து விழுந்திருக்கு. கூப்பிட்ட நம்பர்... உங்க நம்பர். நான் கேக்கணுமாக்கா? விட்டுடட்டுமா?"

சந்தேகமான சாவு என்றால் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது பிரிவின் வழக்கம். வழக்கமாகச் செய்கிறவள் பெரியவள். அவள் குரல் அதற்குத் தோதானது என்பார்கள். என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியமாக எழுதிக் கொடுத்தவளும் அவள்.

"கேளு" என்றாள். மாடிப்படிக்குக் கீழே, செருப்புகள் கிடந்த இடத்தில் ஒதுங்கி நின்றாள்.

"இப்பப் பேச முடியலைன்னா சொல்லுங்க, அப்புறமா கூப்பிடுறேன்" என்று புதுசு படித்தது. தன் வாக்கியமே அவள் காதுக்குள் வந்தது. "இறந்தது உங்களுக்கு யாருங்க?"

"தம்பி."

"என்ன காரணமா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

வாசலில் யாரோ அப்பாவின் கையைப் பிடித்திருந்தார்கள். அப்பாவின் இடது கை நெஞ்சுக்குப் போனது.

"ஹார்ட்டு" என்றாள் பெரியவள்.

அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். முக்கால்வாசி வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஹார்ட்டுதான் பதில். எதிர்த்துப் பேசாதே, இரண்டாம் தடவை கேட்காதே, அவர்கள் சொல்வதை மரியாதையாக ஏற்றுக்கொள். ஆனால் கடைசிக் கேள்வியை மட்டும் எந்த வீட்டிலும் விடாதே. அப்படித்தான் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"சரிங்க" என்றது புதுசு. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கடைசியா ஒண்ணே ஒண்ணு. அவர் ரூம்ல மாத்திரையோ பொடியோ ஏதாவது மீதி இருந்திருந்தா, அது இப்ப யார் கையில இருக்குங்க?"

பெரியவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

காலையில் மேசை மேல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. பார்த்தாள். பார்த்தது நினைவிருக்கிறது.

தம்பியின் அறையில் பினாயில் வாடை அடித்தது. புதுப் படுக்கை விரிப்பு. மேசையில் அவனுடைய சார்ஜர் மட்டும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கூடத்துக்கு ஓடி, அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, அவன் ரூமைப் பெருக்கினது யாரு?"

"நான்தான். வர்றவங்க எட்டிப் பாப்பாங்கல்ல."

"மேசையில மாத்திரை கிடந்துச்சே?"

"ஆமா, மூணு. தலைவலி மாத்திரை. டப்பாவுல போட்டுட்டேன்."

எல்லா வீட்டிலும் இருக்கிற டப்பாதான். பிஸ்கட் தீர்ந்த தகரப் பெட்டி. காய்ச்சல் விட்டதும் மிஞ்சுகிற மாத்திரை, பாதி கிழிந்த அட்டை, எதற்கென்று மறந்துபோன களிம்பு, எல்லாம் அதற்குள் போகும். அம்மா எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை.

"அம்மா, அது தலைவலி மாத்திரை இல்ல!"

"பைத்தியமாடி உனக்கு? கடையில விக்கிறதேதான், நடுவுல கோடு போட்டு. அவன் எடுத்துக்கிட்டிருந்தது பொடிதானே? பொடின்னா எனக்குத் தெரியாதா?" பேசிக்கொண்டே வந்த அம்மாவின் குரல் இறங்கியது. "அத்தைக்குத் தலை வெடிக்குதுன்னு சொன்னாங்க. அழுது அழுது. இப்பத்தான் ஒண்ணு கொடுத்து, பின்னறையில படுக்க வெச்சேன்."

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்ற பக்கத்து வீட்டம்மா கையை நீட்டி மறித்தாள். "எழுப்பாதம்மா, நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாங்க. பாவம், பேசிப் பேசியே ஓஞ்சுட்டாங்க."

அது குறட்டை இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு. பெரியவள் அத்தையின் கன்னத்தில் அறைந்தாள். நெஞ்செலும்பில் முஷ்டியை வைத்துத் தேய்த்தாள். கல்லாகக் கிடந்தாள் அத்தை. இமையைத் தூக்கினால் கருவிழி கடுகளவு சுருங்கியிருந்தது. உதட்டில் அதே நீலம்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! மூச்சு நின்னுக்கிட்டிருக்குன்னு சொல்லுங்க!"

பையில் கையை விட்டாள். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைக் காலையில் அவனுக்குக் கொடுத்தாயிற்று. இந்தச் சரக்குக்குச் சில சமயம் ஒன்று பற்றாது என்று அவளுக்குத் தெரியும். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கில் நுழைத்து, அழுத்தினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். அத்தையின் வாயில் டீ வாசனை.

"அம்மா, வேற யாருக்குக் கொடுத்த?" ஒரு மூச்சு ஊதிவிட்டுத் தலையைத் தூக்கிக் கத்தினாள். "மூணுல ஒண்ணு இவங்க. மீதி?"

அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நின்றாள். கதவருகே குவிந்துவிட்ட கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தப்பா முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து, நூலும் தூசியும் ஒட்டிய ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டினார். அவர் எந்த மாத்திரையையும் வெறும் தண்ணீரில் போடுகிறவர் இல்லை.

"முழங்கால் வலின்னு கேட்டேன். டீ வரட்டும்னு வெச்சிருந்தேன்" என்றார்.

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அக்காவுக்கு என்ன? என்ன ஆச்சு அக்காவுக்கு?"

"உங்க பிள்ளைக்கு ஆனதுதான் அப்பா" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு மறுபடி குனிந்து ஊதினாள்.

எல்லோர் காதிலும் அது விழுந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அத்தையைத் திருப்பித் தரச் சொல்லி அவள் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் போட முடியாத சண்டை. அப்பா தன் அக்காவின் கால்மாட்டில் மண்டியிட்டு இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். கூடத்தில் மோட்டார் உறுமி ஓய்ந்தது.

அத்தை இருமினாள். ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். இன்னொன்று. கண்ணைத் திறந்து, முகத்துக்கு நேரே தொங்கிய மருமகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் யாரோ போலப் பார்த்தாள்.

"என்ன கருமத்தைடி என் மூக்குல ஊத்துன?"

பக்கத்து வீட்டம்மா ஓவென்று அழுதாள். பெரியவள் அத்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அந்தப் பருத்த முதுகின் மேல் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதுகு ஏறி இறங்கியது. அன்றைக்கு அவள் அழுதது அப்போதுதான்.

ஆம்புலன்சில் ஏற்றும்போது அத்தை ஸ்ட்ரெச்சரின் பெல்ட் இறுக்குகிறது என்று ஆரம்பித்தாள். மருந்தின் வேகம் குறைந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம், ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, சித்தப்பாவைக் கூடவே அனுப்பினாள் பெரியவள். "வாயை மூட விடாதீங்க சித்தப்பா, பேச வெச்சுக்கிட்டே இருங்க" என்றாள். "அதுக்கு நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் ஏறினார்.

காலையில் வந்த அதே ஆட்கள். அதில் ஒருவர் கிளம்பும்போது இரண்டு புது ஸ்ப்ரேக்களை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அம்மா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நான்தானே கொடுத்தேன். என் கையாலதானே கொடுத்தேன்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தெரியாம கொடுத்தம்மா. மாத்திரையாவும் வரும்னு உன்கிட்ட யாரும் சொல்லலை" என்றாள். அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். பெரியவளுக்கு வேலை இருந்தது.

செருப்புகள் கிடந்த இடத்துக்குப் போய், ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"அக்கா?"

"மறுபடி கேளு. முதல்ல இருந்து."

"எதுக்குக்கா..."

"கேளும்மா."

புதுசு கேட்டது. பெரியவள் சொன்னாள். அவன் வயது சொன்னாள், ஆறு மாதம் விட்டிருந்ததைச் சொன்னாள். வெள்ளை, வட்டம், நடுவில் கோடு, கடையில் விற்கிற தலைவலி மாத்திரையேதான் என்று தோன்றும் என்றாள். ஒன்றைத் தின்ற அத்தை பிழைத்ததைச் சொன்னாள். மருந்துக் கடைகளுக்குப் போகிற எச்சரிக்கையில் அந்தக் கோட்டை மறக்காமல் எழுது என்றாள். புள்ளி வைக்க எந்த இடம் என்று அது கேட்க வேண்டியிருந்தது, கேட்டது. அவள் தெருவைச் சொன்னாள், கதவு எண்ணையும் சொன்னாள். திரும்பியபோது அப்பா பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் அவளைத் தடுக்கவில்லை.

"டாக்டரை வரச் சொல்லியிருக்கேன்" என்றார். "அந்தக் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டு, வேற எழுதணும்னு சொன்னேன். போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் நாளைக்குக் காலையிலதான் ஆகுமாம். இன்னைக்கு எடுக்க முடியாதாம்."

"சரிப்பா."

"இன்னும் ஒரு ராத்திரி வீட்ல இருப்பான்" என்றார். அதை அவர் வருத்தமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் டப்பாவைக் கொண்டுவந்தாள். சித்தப்பாவின் பையிலிருந்து வந்ததைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருந்தாள்; யாருக்கும் கொடுக்காமல் மிஞ்சிய ஒன்று மற்ற மாத்திரைகளோடு அதற்குள் கிடந்தது. எது எது என்று பிரிக்க அவளுக்கே தைரியம் இல்லை. கடை மாத்திரையின் அச்சாகவே இருந்தது.

"வண்டி அண்ணன் வந்து பரிசோதனைக்கு வாங்கிட்டுப் போவாரு. அதுவரைக்கும் நீங்க வெச்சிருங்க. யார் எதுக்குக் கேட்டாலும் கொடுக்காதீங்க. கீழ வைக்காதீங்க."

அப்பா தலையாட்டினார். வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தார். மூடியில் பாதி அழிந்த பிஸ்கட் படம்.

பெரியவள் கதவில் சாய்ந்து நின்றாள். நாலு மணிக்கு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு ஒருவர் அவசரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். கறிகாய்க் கடைக்காரர். எட்டுப் போட முடியாமல் மூன்று தடவை தோற்று, அப்பாவிடம் திட்டு வாங்கி லைசன்ஸ் எடுத்தவர். பின் சீட்டில் அவருடைய மகன் காலைத் தொங்கவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர்" என்று அவர் கையை நீட்டினார். "இப்பத்தான் கேள்விப்பட்டேன். ஹார்ட்டுன்னாங்க..."

"இல்ல" என்றார் அப்பா. "போதை மாத்திரை. பாத்தா தலைவலி மாத்திரை மாதிரியே இருக்கும். பையனைக் கூப்பிடு, அவன்கிட்டயும் சொல்றேன்."

கடைக்காரர் ஸ்கூட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. அப்பா அதைப் பிடிக்கவில்லை. அவருடைய இரண்டு கைகளும் டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தன.